முப்பது நாள் பலகை

பதிவுத்துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி, 2015-இல் சார்பதிவாளராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாமி, கல்யாணம், பெற்றவர்கள் என்ற மூன்றையும் சுற்றியே இருந்ததால் அவற்றையே தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். என் வயது 27. கோவில்பட்டியில் தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்லூரி நாள்களிலிருந்து பழகிய தூத்துக்குடிக்காரரைத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறேன். அவர்கள் கத்தோலிக்கர். நான் ஞானஸ்நானம் வாங்கினால்தான் அவர்கள் மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் நடக்கும் என்கிறார் அவருடைய அம்மா. “தலையில் மூன்று சொட்டுத் தண்ணீர்தானே, வாங்கிவிட்டுப் பிறகு உன் விருப்பப்படி இரு” என்கிறார் அவர். என் அப்பா ஆண்டுதோறும் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவர். அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தை வெறும் சடங்காக நினைத்து வாங்கிக்கொண்டால் தப்பா? அல்லது பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு அப்பாவிடம் பிறகு சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: அம்மாடி, முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மூன்று சொட்டுதானே என்கிறவர் அந்தத் தண்ணீரை நம்புகிறவரா, இல்லையா? நம்புகிறவர் என்றால் அதை இவ்வளவு மலிவாகப் பேச மாட்டார். நம்பாதவர் என்றால், தான் நம்பாத ஒன்றுக்கு உன் தலையை ஏன் குனியச் சொல்கிறார்? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கும் உனக்கும் நடுவில் நின்றுகொண்டு, யாருக்கும் நோகாத குறுக்குச் சந்து ஒன்றைத் தேடுகிறார். என் மேசைக்கு முன்னால் நின்ற மாப்பிள்ளைகளில் பலர் இப்படித் தேடியவர்கள்தான்.

திருச்சபையும் அதை அப்படித் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. வயதுவந்தவர் என்றால் மறைக்கல்வி படிக்க வேண்டும், தானே விரும்பிக் கேட்க வேண்டும். சாமியார் கேட்கும்போது “விசுவசிக்கிறேன்” என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நீ யாரிடம் பொய்யாகச் சொல்லப்போகிறாய்? அவர்களுடைய கடவுளிடம். அதே நாள் வீட்டுக்குப் போய் முருகன் படத்துக்கு விளக்கேற்றினால் உங்கள் கடவுளிடமும். இரண்டு சாமிகளும் பொறுத்துக்கொள்ளக்கூடும். உன்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் என் சந்தேகம். முடியும் என்றால் இவ்வளவு நீளமாக எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய்.

உன் வருங்கால மாமியாரிடம் ஒன்றைப் பக்குவமாகச் சொல்லிப் பார். ஞானஸ்நானம் வாங்காத பெண்ணைக் கத்தோலிக்கப் பிள்ளை கோயிலிலேயே வைத்துக் கல்யாணம் செய்துகொள்ள வழி இருக்கிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1086, 1125 ஆகிய எண்களில் அது இருக்கிறது. அந்த ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார் வழியாக ஆயரிடம் (பிஷப்) விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலும் பூசை இல்லாமல், வாசகமும் மன்றாட்டுமாக நடக்கும். தாலியும் கட்டலாம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. ஆக, “வாங்கினால்தான் நடக்கும்” என்பது மாமியாரின் சட்டமே தவிர, ரோமாபுரியின் சட்டம் இல்லை.

ஆனால் அந்த அனுமதியோடு ஒட்டிவரும் ஒரு நிபந்தனையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தன் விசுவாசத்தை விடமாட்டேன் என்றும், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்றும் மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். நீ வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் இப்படிக் கொடுத்திருக்கிறார் என்பதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த வரியை இரண்டு முறை படி. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள நிஜமான பேச்சு உன் தலையில் விழும் தண்ணீரைப் பற்றியது அல்ல, இன்னும் பிறக்காத ஒரு தலையைப் பற்றியது. முதல் மொட்டை திருச்செந்தூரிலா, வேளாங்கண்ணியிலா? பெயரை யார் வைப்பது? பள்ளிக்கூட விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? ஒன்பது வருடம் பழகியவர்கள் இதை ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்தால் கடிதத்தில் அது வந்திருக்கும். வரவில்லை.

இனி என் பழைய தொழில். திருச்செந்தூரில் தாலி கட்டிவிட்டு இந்துத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்தச் சட்டப்படி இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். இந்துவும் கிறிஸ்தவரும் அப்படிச் செய்துகொண்ட கல்யாணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. சுயமரியாதைத் திருமணமும் உங்களுக்கு உதவாது. 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த அந்தத் திருத்தம் சாதி பார்க்காது, புரோகிதர் கேட்காது. ஆனால் இரண்டு பேரும் இந்துக்களாக இருக்க வேண்டும் என்று கேட்கும். இதை அறியாமல் மாலையும் கழுத்துமாக வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

உங்களுக்கு உள்ளது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது 30 நாளுக்குக் குறையாமல் குடியிருக்கும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். நிலத்துக்கு 30 வருட வில்லங்கம் பார்க்கிற ஊர் இது. கல்யாணத்துக்கு 30 நாள் வில்லங்கம். செல்லுபடியாகும் ஆட்சேபனை வராவிட்டால், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

முடித்துவிட்டு அப்பாவிடம் சொல்லலாமா என்கிறாய். இரண்டு பேரில் ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். இது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் வலிக்கிறது.

1989-இல் நான் மதுரையில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் தம்பி தன்னோடு வேலைபார்த்த கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ள எங்கள் அலுவலகத்திலேயே அறிவிப்புக் கொடுத்தான். அறிவிப்புப் பதிவேட்டில் அவன் பெயரை எழுதியவள் நான். கம்பிவலை அடித்த மரப்பெட்டிக்குள், ஏல அறிவிப்புக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் நடுவில் குண்டூசியால் குத்தியவளும் நான். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால் அங்கே ஒரு நகல் போக வேண்டும். தபால் கட்டில் அதை வைக்கும்போதே அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் ஊருக்குப் போய், அப்பா பரிமாறச் சொன்ன சோற்றைப் பரிமாறிவிட்டு, வாயைத் திறக்காமல் வந்தேன். தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் ஊரில் ஒரு பத்திர எழுத்தர் பலகையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அடுத்த பஸ்ஸில் மதுரைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, கக்கத்தில் குடை. பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே என் மேசைக்கு வந்தார். “அவன் விரும்பினான், பயந்தான், மறைத்தான். அது வயது. நீ எதற்கு அம்மா மறைத்தாய்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆட்சேபனை கொடுக்க முடியுமா என்றுகூட விசாரிக்கவில்லை. கிரயத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் மூன்று மணிவரை இருந்தார். எங்கள் அலுவலக உதவியாளர் வாங்கிவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது. பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பத்திர எழுத்தரும் டீக்கடைக்காரரும் சொல்லும் முன் நீ சொல். கட்டிக்கொள்ளப்போகிறவரை அழைத்துப் போகாதே, சித்தப்பாவைத் தூது விடாதே, போனில் சொல்லாதே. பாதயாத்திரைக்கு மாலை போடும் முன் சொல்லிவிடு. போட்டபின் சொன்னால் நடை முழுக்க அவருக்குக் கால் வலிக்காது, வேறெதுவோ வலிக்கும். அவர் கத்தலாம். ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் ஏமாந்தவர் என்று ஊர் அவரைச் சொல்லாது.

ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் கைநீட்டுகிற பழக்கமோ, கதவைப் பூட்டிவைக்கிற பழக்கமோ, “வெட்டிப்போடுவேன்” என்று பேசுகிற மாமன் மச்சானோ இருந்தால் நான் மேலே சொன்னதை எல்லாம் கிழித்துப் போடு. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போ. 2018-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சொல்லியிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள். உண்மை சொல்வது நல்லதுதான். உயிரோடு இருந்து சொல்வது அதைவிட நல்லது.

சொத்துப் பற்றி நீ கேட்கவில்லை, உன் அண்ணன் கேட்பார். மதம் மாறாமல் சிறப்புத் திருமணச் சட்டப்படி கட்டிக்கொண்டால், கூட்டுக் குடும்பத்திலிருந்து நீ பிரிந்ததாகச் சட்டம் கொள்ளும். அதனால் பங்கு போய்விடாது, தனியாகப் பிரிந்து நிற்கும். மூன்று சொட்டு வாங்கினால் கணக்கு கொஞ்சம் மாறும். அப்போதும் உன் உரிமை போகாது. ஆனால் மாறியபின் உனக்குப் பிறக்கும் பிள்ளைகள், இந்துவாக இல்லாத பட்சத்தில், உன் பிறந்தவீட்டாருக்கு வாரிசாக வர முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. உயில் எழுதினால் அது வேறு. வெறும் சடங்கு என்று நினைக்கிற தண்ணீர் எங்கெல்லாம் ஓடுகிறது, பார்.

கேள்வி: என் மகள் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முஸ்லிம் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மதம் மாறவில்லை, பெயரையும் மாற்றவில்லை என்று கேள்வி. அன்றே நான் அவளைத் தலைமுழுகிவிட்டேன். இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று மனைவி அழுகிறாள். நான் தினமும் சிவபூசை செய்கிறவன். அந்த வீட்டுப் படி ஏறினால் என் நம்பிக்கையை நானே விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநெல்வேலி

பதில்: அண்ணாச்சி, தலைமுழுகியவர் ஏழாம் மாதம் என்று எப்படி எண்ணினீர்கள்?

உங்கள் வீட்டு அக்காள் மகளோடு போனில் பேசுவது உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் அடுத்த அறையில் உட்கார்ந்து நீங்கள் காது கொடுப்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் இப்படி எத்தனை நாளைக்கு நடிப்பீர்கள்?

2003-இல் ஒரு தகப்பனார் என்னிடம் ஆட்சேபனை மனுக் கொண்டுவந்தார். சட்டப்படி ஆட்சேபனைக்குச் சில காரணங்கள்தான் உண்டு. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கிறார், வயது நிரம்பவில்லை, சம்மதம் சொல்லும் மனநிலை இல்லை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, இவை போன்றவை. நியாயமில்லாமல் ஆட்சேபனை கொடுக்கிறவர்மீது ஆயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. அந்த மனிதர் கோடு போட்ட முழுத்தாளில், முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: “இவளுக்கு மூன்று வயதில் தாய் இறந்துவிட்டாள். தலை பின்னிவிட நானே கற்றுக்கொண்டேன்.” அதற்குக் கீழே தேதி, கையொப்பம். வேறு ஒரு வரி இல்லை. விதிப்படி அதை நிராகரித்தேன். ஆயிரம் ரூபாய் பற்றி அவரிடம் நான் பேச்செடுக்கவில்லை. கல்யாணத்தன்று அவர் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் வந்தபோது பின்னல் கொஞ்சம் கோணலாக இருந்தது. யார் பின்னியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் நம்பிக்கைக்கு வருகிறேன். திருநீற்றை அழித்துவிட்டு வா என்று உங்கள் மகள் சொன்னாளா? பட்டை போட்டுக்கொண்டே போங்கள். காலைப் பூசையை முடித்துவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட மனம் ஒப்பாவிட்டால் ஒரு வாழைப்பழம் போதும், யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ச்சை கொண்டுபோகிற இந்துக் குடும்பங்கள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் சிவன் அவர்களைத் தள்ளிவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சொந்தக்காரர்களைப் பற்றி: இந்த இரண்டு வருடத்தில் உங்கள் மகளைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காதவர்கள் பட்டியல் ஒன்று போடுங்கள். பிறகு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிக்கலாம்.

வளையலை அக்காளிடம் விடாதீர்கள், நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். அளவு தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ஏழாம் மாதத்தில் கை கொஞ்சம் வீங்கியிருக்கும். பழைய அளவைவிட ஒன்று பெரிதாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரே மகள், 22 வயது, நர்சிங் முடித்திருக்கிறாள். கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்கிறாள். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை மடத்துக்குப் போனாலும் முன்வரிசையில் நின்று மாலை போட்டு அனுப்பியவள் நான். என் பிள்ளை என்றதும் மனம் ஒப்பவில்லை. இது பாவமா?
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பாவமா இல்லையா என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை சகோதரி, அதைப் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது பதிவேடு. கன்னியராவதற்கும் காலக்கெடு உண்டு. நவதுறவு என்னும் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அதன்பின் கொடுப்பது தற்காலிக வாக்குத்தத்தம். மூன்று முதல் ஆறு வருடம், தேவைப்பட்டால் ஒன்பது வருடம் வரை நீளும். அதற்குப் பிறகுதான் நித்திய வாக்குத்தத்தம். இன்று படி தாண்டினால் நாளையே கதவைச் சாத்திவிட மாட்டார்கள். திரும்பி வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்தால் மாலை போட்ட அதே கையால் சோறு போடுவீர்களா என்பதை மட்டும் இப்போதே மனதுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை எழுதி, மேலே கோடு கோடாக அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படித்தேன், மன்னியுங்கள்; 34 வருடம் அடித்தல் திருத்தல்களைப் பார்த்தே பிழைத்த கண். “கடைசிக் காலத்தில் எங்களை யார் பார்ப்பார்கள்” என்று இருந்தது. அடிக்க வேண்டிய வரியே இல்லை அது. இதை அவளிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். “உனக்கு இது சரிப்படாது”, “உன் உடம்பு தாங்காது”, “இன்னும் இரண்டு வருடம் வேலை பார்” என்றெல்லாம் சுற்றி வளைக்காதீர்கள். நர்சிங் படித்த பிள்ளைக்கு நோய்க்குறி எது, நோய் எது என்று தெரியும். பெற்றவர் படுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாள், யார் செலவில் என்று மடத்துத் தலைவியிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சபைக்கும் வழக்கம் வேறு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். கல்யாணம் பேசினால் கேட்டிருக்க மாட்டோமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. கல்லூரிக் காலத்திலிருந்து கருஞ்சட்டைக்காரர். இறந்தபின் உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். நான் சாட்சி. படிவம் பீரோவில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. அம்மா மார்கழியில் ஒரு நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. நான் என்ன செய்ய?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: “காலம் வரும்போது” அப்பா இருக்க மாட்டார் தம்பி, நீங்கள்தான் இருப்பீர்கள். கூடத்தில் உடலை வைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்து, அழுதுகொண்டிருக்கும் அம்மா கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்கப்போகிறீர்களா?

அந்தப் படிவம் பத்திரம்போலக் கட்டுப்படுத்தும் ஆவணம் இல்லை. உடலைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டார். மனைவி தலையை ஆட்டி மறுத்தால் எந்தக் கல்லூரியும் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போகாது. விபத்து, பிரேதப் பரிசோதனை, தொற்றுநோய் என்றால் கல்லூரியே வேண்டாம் என்றும் சொல்லலாம். கண் மட்டும் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆக அப்பாவின் கொள்கை நிறைவேறுவது அம்மாவின் கையில் இருக்கிறது. அறுபது வருடம் மேடையில் ஊருக்குச் சொன்னவர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லத் தயங்குகிறார் என்றால், நான் சிரிக்க மாட்டேன். என் அப்பா காந்தியவாதி. அவரும் அம்மாவிடம் மட்டும் பயப்படுவார்.

சொல்ல வேண்டியவர் அப்பா. நீங்கள் செய்யக்கூடியது, இருவரையும் ஒரு மாலை திண்ணையில் உட்காரவைத்துவிட்டு எழுந்து போவது. அம்மாவின் பயம் பெரும்பாலும் கருமாதியைப் பற்றியதாக இருக்கும். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்கிற வழக்கம் உண்டு. உங்கள் வீட்டுப் புரோகிதரைக் கேட்டால் சொல்வார். அப்பா “எனக்குக் காரியமே வேண்டாம்” என்று அதற்கும் முறுக்கினால், உடல் உங்களுடையது ஐயா, பதினாறாம் நாள் அம்மாவுடையது என்று சொல்லிப் பாருங்கள். கறுப்புச் சட்டைக்காரர்களுக்குப் பங்கீடு என்றால் பிடிக்கும்.

கேள்வி: நண்பன் வேறு மதப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்கிறான். மூன்று சாட்சிகளில் நானும் ஒருவன். அவன் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பின்னால் வம்பு வருமா?
— சேலம் வாசகர்

பதில்: வரலாம். அந்த இருவரும் உங்கள் முன்னால் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார்கள் என்பதற்குத்தான் நீங்கள் சாட்சி. அவர்கள் சண்டை போடாமல் வாழ்வார்கள் என்பதற்கு அல்ல. அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள், கையெழுத்தைப் படிக்கும்படி போடுங்கள். மறுநாள் வாத்தியார் கேட்டால், “ஆமாம் சார், நான்தான் போட்டேன்” என்று சொல்லத் துணிவு இருந்தால் மட்டும் பேனாவை எடுங்கள்.

கேள்வி: உங்கள் அப்பா உங்களை ‘ஆபீஸ்காரி’ என்று கூப்பிடுவார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். செல்லப் பெயரா?
— மதுரை வாசகி

பதில்: இல்லை. முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலில் 1989-ஆம் வருடக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அந்த பெஞ்சிலிருந்து எழுந்து போனபிறகு அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஆபீஸ்காரி வந்திருக்கிறாளா? அவளுக்கு இலை போடு” என்பார் அம்மாவிடம். தம்பியோடு நாலு வருடத்தில் பேசிவிட்டார். மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மதுரையிலேயே வாங்கிவந்து, “உங்கள் ஊர்தான் மாமா” என்று நீட்டியபோது சிரித்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். எனக்கு மட்டும் பெயர் திரும்பவில்லை.

1996-இல் வீட்டை எங்கள் இருவர் பெயருக்கும் தான செட்டில்மெண்ட் எழுத முடிவு செய்தார். என்னையும் ஊர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். பத்திரம் எழுதியவர் வேறு யாருமில்லை, அன்றைக்குப் பலகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்ன அதே மனிதர். வரைவில் தம்பியின் பெயருக்கு முன்னால், “கிறிஸ்தவப் பெண்ணை மணந்து தற்போது மதுரையில் வசித்துவரும்” என்று எழுதியிருந்தார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த வரியில் விரலை வைத்தார்.

“இது எதற்கு? இதனால் நான்கெல்லையில் எந்த எல்லை மாறுகிறது?”

எழுத்தர் அசடு வழிந்து அதை அடித்தார். வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொண்டுவந்ததும் அப்பா அதை வாங்கி, தான் படிக்காமல் என்னிடம் நீட்டினார். “ஆபீஸ்காரி, நீ படி. எதையாவது மறைத்திருக்கிறானா பார்.”

வாசலில் நின்றபடியே வரி வரியாகப் படித்தேன். தம்பியின் பெயரில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. சேர்த்து எழுதி, ஓரத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன்.